மிஹாஸ் தூங்கட்டும்

1 நவம்பர் 1918, வெள்ளி

இன்று சகல புனிதர் திருநாள். அப்பாவின் கல்லறையில் ஏற்ற நேற்றே மெழுகுவர்த்திகளைத் துணியில் சுற்றி வைத்திருந்தேன். காலையில் படியிறங்கினால் கீழ்வீட்டு விட்டோல்ட் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறான்.

"ப்ரோனியா அக்கா, போகாதீங்க. நகர மண்டபத்துல நீலமும் மஞ்சளுமா கொடி பறக்குது. உக்ரைன்காரங்க ஊரைப் புடிச்சுட்டாங்க."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஊரைப் பிடிப்பதென்றால் கோழி பிடிப்பது போலவா? நான்கு வருஷப் போரில் தோற்று ஆஸ்திரியச் சக்கரவர்த்தி இந்த ஊரை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போகிறார், அது எல்லோருக்கும் தெரியும். அடுத்து யாருக்கு என்று பெரியவர்கள் எங்காவது மேசை போட்டுப் பேசித் தீர்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இந்த ஊரை லிவீவ் என்று உக்ரைன்காரர்கள் சொல்கிறார்கள், லுவூஃப் என்று போலந்துக்காரர்கள் நாங்கள் சொல்கிறோம். சாக்கடை நாற்றம் இரண்டிலும் ஒன்றுதான்.

மெழுகுவர்த்தியைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். சாப்பாட்டு நேரத்துக்குத் தம்பி வந்தான். மிஹைலோ. வீட்டில் மிஹாஸ். இத்தாலியப் போர்முனையிலிருந்து காய்ச்சலோடு திரும்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை, நேற்றிலிருந்து ஆளைக் காணோம். இப்போது தோளில் துப்பாக்கி, பழைய ஆஸ்திரியத் தொப்பியில் நீல மஞ்சள் நாடா.

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

"அக்கா, நம்ம ஊரு நம்ம கைக்கு வந்துடுச்சு."

"கீழ்வீட்டு விட்டோல்டுக்கும் இதுதான் ஊரு. எனக்கும் இதுதான்."

அவன் சூப்பைக் குடித்தான்.

எங்கள் வீட்டுக் கதையை எழுதி வைக்கிறேன், பின்னால் யாராவது படித்தால் குழம்பக் கூடாது. அம்மா போலந்துக்காரி. செத்துப்போன அப்பா உக்ரைன்காரர். கலப்புக் கல்யாணத்துக்கு இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மகன் பிறந்தால் அப்பாவின் கோயிலில் ஞானஸ்நானம், மகள் பிறந்தால் அம்மாவின் கோயிலில். அதனால் நான் போலந்துக்காரி, என் தம்பி உக்ரைன்காரன். யாரும் எங்களைக் கேட்டுச் செய்யவில்லை. அவர்களுடைய நாட்காட்டி எங்களுடையதற்குப் பதின்மூன்று நாள் பின்னால் வருகிறது. ஆகவே எங்கள் வீட்டில் இரண்டு கிறிஸ்துமஸ், பலகாரமும் இரண்டு தடவை. சிலுவை போடுவதும் வேறு. நாங்கள் நெற்றி, மார்பு, பிறகு இடது தோள், வலது தோள். அவர்களுக்கு வலது தோள் முதலில். சிறு வயதில் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பாட்டு ஜெபம் சொல்லி முடிக்கும்போது எங்கள் இருவர் கையும் ஒன்றாக ஜன்னல் பக்கம் போகும், ஒன்றாக அடுப்புப் பக்கம் திரும்பும். அம்மா அதைப் பார்ப்பதற்காகவே எங்களை எதிரெதிரே உட்கார வைப்பாள். அவன் பிறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவன்.

3 நவம்பர், ஞாயிறு

பூசைக்குப் போக முடியவில்லை. தெருவில் சுடுகிறார்கள். மின்சாரம் நின்றுவிட்டது, குழாயில் தண்ணீரும் நின்றுவிட்டது. எங்கள் தெருவின் மேல்முனை உக்ரைன்காரர்கள் கையில், கீழ்முனை எங்கள் ஆட்கள் கையில். எங்கள் வீடு சரியாக நடுவில். இதைவிட நல்ல இடம் பார்த்து அப்பா வாடகைக்குப் பிடித்திருக்க முடியாது.

கீழ்முனையில் விட்டோல்ட். மேல்முனையில் மிஹாஸ். இருவரும் ஒரே வகுப்பில் படித்து, ஒரே முற்றத்தில் என் துவைத்த துணிகளின் மேல் பந்தடித்து அடி வாங்கியவர்கள்.

அம்மாவுக்கு வயிற்றுக்கட்டி வலி ஜாஸ்தி. மருந்துக்கடை ரோட்டர் கொடுத்த சொட்டு மருந்தில் கொஞ்சம் கொடுத்தேன், தூங்கினாள். "அளவு மீறிடாதீங்க, கொஞ்சம் கூடிப்போனா குதிரையைக்கூட மறுநாள் வரைக்கும் எழுப்ப முடியாது" என்று ரோட்டர் ஒவ்வொரு முறையும் சொல்வார். அவர் சொல்லும் விதத்தில் ஏதோ ஒரு குதிரைக்கு உண்மையிலேயே கொடுத்துப் பார்த்த மாதிரி இருக்கும்.

6 நவம்பர்

விட்டோல்ட் பின்கட்டு வழியாக வந்தான். தாடி முளைத்திருக்கிறது. எங்கள் ஆட்களுக்குச் சீருடை இல்லையாம், கையில் கட்டிக்கொள்ள வெள்ளையும் சிவப்புமாகப் பட்டை தைத்துத் தர முடியுமா என்று கேட்டான். நான் தையல்காரி, என்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பான்? பழைய படுக்கை விரிப்பு ஒன்றையும் சிவப்புத் திரைச்சீலையையும் வெட்டி நாள் முழுக்கத் தைத்தேன்.

தைக்கும்போது சந்தோஷமாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? நானும் போலந்துக்காரிதான். நூற்றுச் சொச்சம் வருஷமாக நாடில்லாமல் கிடந்தவர்கள் நாங்கள்.

8 நவம்பர்

கிணற்றுத் தண்ணீருக்கு மேல்முனை தாண்டித்தான் போக வேண்டும். பெண்கள் வாளியோடு போனால் இரண்டு பக்கமும் சுடுவதை நிறுத்துகிறார்கள், இதுவரை. மணல் மூட்டைகளுக்குப் பின்னால் மிஹாஸ் இருந்தான். தொப்பி நாடா ஒரு முனை பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"இப்படியா தொங்கவிடுவ? கழட்டு, தச்சுத் தரேன்."

"அக்கா, இங்கயா? மானத்த வாங்காதீங்க."

அவன் பக்கத்தில் ஓலெக்ஸா என்று ஒரு குண்டுப் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். "எங்க எல்லாருக்கும் ஒரு அக்கா வேணும்" என்றான். நான் அவனுடைய பொத்தானையும் சேர்த்துத் தைத்தேன். ஊசி என் சட்டைக் கழுத்திலேயே குத்தியிருந்தது, முந்தாநாள் பட்டை தைத்த அதே ஊசி.

11 நவம்பர்

உலகப்போர் முடிந்துவிட்டதாம். மேற்கே எல்லோரும் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டார்களாம். எங்கள் தெருவுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

14 நவம்பர்

ஓலெக்ஸாவுக்குக் காலில் காயம். விட்டோல்டின் சித்தப்பா மகன் செத்துப்போனான். இருவருக்காகவும் ஜெபித்தேன். யார் பெயரை முதலில் சொல்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சும்மா முழங்காலில் இருந்தேன்.

18 நவம்பர், திங்கள்

போர் நிறுத்தம். விடிந்ததிலிருந்து ஒரு வெடிச் சத்தம்கூட இல்லை, காது கூசுகிறது.

மிஹாஸ் வீட்டுக்கு வந்தான். அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பேன் இருக்கிறது, நான் சொல்லவில்லை. சிறிது நேரத்தில் கதவைத் தட்டி விட்டோல்டும் வந்தான். இரண்டு பேரும் சமையலறையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"குறி பார்க்கத் தெரியல உனக்கு" என்றான் விட்டோல்ட். "செவ்வாய்க்கிழமை என் தலைக்கு மேல கூரை ஓட்ட ஒடச்ச."

"நீதான்னு தெரிஞ்சிருந்தா அதையும் ஒடச்சிருக்க மாட்டேன்."

பிறகு ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றிக் குடித்தார்கள். இருந்த உருளைக்கிழங்கை எல்லாம் அவித்துப் போட்டேன். மேசையில் மிஹாஸ் எனக்கு எதிரே அவனுடைய பழைய இடத்தில் உட்கார்ந்தான். ஜெபம் சொல்லிச் சிலுவை போட்டோம். ஜன்னல் பக்கம் போய் அடுப்புப் பக்கம் திரும்பியது கை. உள்ளறையிலிருந்து கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா சிரித்தாள். இந்த மாதத்தில் அவள் சிரித்தது இதுதான்.

"வியாழக்கிழமை உன் பெயர்த் திருநாள்" என்று அம்மா அவனிடம் சொன்னாள். அவர்கள் நாட்காட்டிப்படி, அவன் பெயருக்குரிய தேவதூதர் மிக்கேலின் திருநாள் அன்றைக்குத்தான் வருகிறது. "கசகசா நூடுல்ஸ் செய்யாத வருஷம் உண்டா? போர்முனைக்கே அனுப்பினேன். இந்த வருஷம் என் கண்ணு முன்னால சாப்பிடணும். அடுத்த வருஷம் நான் இருக்க மாட்டேன்டா."

"வரேம்மா. என்ன நடந்தாலும் வரேன்."

அவன் போன பிறகு விட்டோல்ட் படியில் என்னை நிறுத்தினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அக்கா, உங்ககிட்ட சொல்லக் கூடாது. மேற்கே இருந்து நமக்குப் பெரிய படை வருது. பீரங்கியோட. போர் நிறுத்தம் முடிஞ்சதும் மேல்முனைல ஒருத்தன்கூட மிஞ்ச மாட்டான். அவன எப்படியாவது வீட்டுல வச்சுக்குங்க. கட்டிப் போட்டாவது."

20 நவம்பர்

இன்றைக்கு மிஹாஸிடம் போய்ப் பேசினேன். வந்துவிடு, அம்மாவுக்கு முடியவில்லை, பெரிய படை வருகிறது, செத்துப்போவாய் என்று எல்லாம் சொன்னேன். அழவும் அழுதேன். அவன் என் வாளியை வாங்கித் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து வந்தான்.

"ஓலெக்ஸா நொண்டிக்கிட்டே காவல் நிக்கிறான்க்கா. நான் மட்டும் எப்படி வர்றது?"

திருநாளுக்கு மட்டும் ஒரு மணி நேரம் வருவானாம். அவசரமென்றால் ஓலெக்ஸா முற்றத்தில் வந்து விசில் அடிப்பானாம், உடனே போய்விட வேண்டுமாம். எல்லா ஏற்பாடும் செய்து வைத்திருக்கிறான் பெரிய மனுஷன்.

திரும்பும் வழியில் ரோட்டர் கடைக்குப் போனேன். அம்மாவின் சொட்டு மருந்து தீரப்போகிறது என்று ஒரு புது புட்டி வாங்கினேன். "போன வாரம்தானே கொடுத்தேன்?" என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். வலி ஜாஸ்தி என்றேன். கொடுத்தார்.

21 நவம்பர், வியாழன்

விடிந்ததிலிருந்து பீரங்கி. ஜன்னல் கண்ணாடி எல்லாம் போயிற்று, படுக்கை விரிப்பைக் கட்டியிருக்கிறேன். மழை வேறு.

பகல் முழுக்க அம்மா கதவைப் பார்த்தபடியே இருந்தாள். கசகசாவை அரைத்து நூடுல்ஸ் செய்தேன், கடைசி மாவு. இருட்டத் தொடங்கியபோது பின்கட்டு வழியாக வந்தான். முழங்கால் வரை சேறு, கண் இரண்டும் குழி விழுந்து கிடந்தன. மூன்று நாளாகத் தூங்கவில்லையாம்.

அம்மா கையாலேயே ஒரு கரண்டி ஊட்டினாள். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன், செர்ரி ஜாம் நிறையப் போட்டு.

"என்னக்கா, இவ்வளவு ஜாம்?"

"திருநாள் இல்லையா? குடி."

"அப்பவும் கசக்குது."

"பழைய தேயிலை. சூடா இருக்கும்போதே குடிச்சிடு."

குடித்தான். பாவம், அலுப்பு. பேசிக்கொண்டிருக்கும்போதே தலை மேசையில் சாய்ந்துவிட்டது. பெஞ்சில் படுக்க வைத்து, பூட்ஸைக் கழற்றி, அப்பாவின் கம்பளியைப் போர்த்தினேன். பூட்ஸ் ஈரமாக இருந்ததால் எடுத்து உள்ளே வைத்தேன்.

சற்று நேரத்தில் முற்றத்தில் விசில் கேட்டது. மறுபடியும் கேட்டது. அம்மா, "ப்ரோனியா, அவனக் கூப்பிடறாங்க, எழுப்பு" என்றாள். அசந்து தூங்குகிறானே அம்மா என்றேன். நானே கீழே போனேன். ஓலெக்ஸா ஒரு கட்டையை ஊன்றிக்கொண்டு மழையில் நின்றான்.

"அக்கா, எல்லாரும் ஊரை விட்டுப் போறோம். இப்பவே. மிஹைலோவ அனுப்புங்க."

அவன் அப்போதே கிளம்பிவிட்டானே என்றேன். வேறு சந்து வழியாகப் போயிருப்பான் என்றேன். ஓலெக்ஸா மேல்மாடியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு நொண்டிக்கொண்டு போனான். அவனுடைய பொத்தான் நான் தைத்தபடியே இருந்தது.

வேறு என்ன செய்திருக்க வேண்டும் நான்? வெளியே பீரங்கி முழங்குகிறது. மூன்று நாள் தூங்காதவனை எழுப்பி அதற்குள் அனுப்பவா? அவர்கள் போகட்டும். போர் போகட்டும். தம்பி வீட்டில் இருக்கிறான், உயிரோடு இருக்கிறான், மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்கிறது.

அம்மாவுக்கு மருந்து கொடுக்க முடியவில்லை. புட்டி கை தவறி விழுந்து உடைந்துவிட்டது என்று சொன்னேன். வலியில் முனகிக்கொண்டே இருக்கிறாள்.

22 நவம்பர், வெள்ளி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் எங்கள் கோயில் மணிகள் எல்லாம் ஒன்றாக அடித்தன. கீழ்வீட்டில் அழுதுகொண்டே பாடினார்கள். நகர மண்டபத்தில் வெள்ளை சிவப்புக் கொடி. நானும் அவர்களோடு சேர்ந்து ஒரு வரி பாடினேன், சந்தோஷத்தில்தான். உடனே பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன்.

வெயில் ஏறின பிறகுதான் விழித்தான். மணிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் கிடந்தான். எழுந்து தள்ளாடிக்கொண்டு ஜன்னலுக்குப் போனான்.

"ஏங்க்கா எழுப்பல?"

"அசந்து தூங்கின."

"ஓலெக்ஸா விசில் அடிக்கலையா?"

"இல்ல."

கட்டிலில் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவன் மேசைக்கு வந்தான். நேற்றைய கோப்பையைக் கழுவ மறந்திருந்தேன். எடுத்து மோந்து பார்த்தான். கீழே வைத்தான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தொப்பியையும் நாடாவையும் நான் விடிவதற்குள் அடுப்பில் போட்டுவிட்டேன். அப்பாவின் கோட்டை எடுத்துக் கொடுத்தேன். என்னிடம் மிச்சம் இருந்த வெள்ளை சிவப்புப் பட்டையை நீட்டினேன். கட்ட மாட்டேன் என்று தலையை ஆட்டினான். "எனக்காகக் கட்டிக்கடா" என்றாள் அம்மா. கட்டிக்கொண்டான். பேச்சில் அவனைப் பிடிக்க முடியாது, போலந்து மொழி அவனுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. மிஹைலோ இல்லை, போலந்து மொழியில் உன் பெயர் மிஹாவ், நீ கீழ்முனையில் இருந்தாய், உன் தலைவன் பெயர் இன்னது என்று எதிரே உட்கார்ந்து எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். எதையும் விடவில்லை என்று நினைத்தேன்.

பிற்பகலில் வீடு வீடாகச் சோதனை. வெளியூர்ப் படைக்காரர்கள், ஒரு சார்ஜண்ட், வழி காட்ட விட்டோல்ட். உள்ளே வந்ததும் விட்டோல்ட் மிஹாஸைப் பார்த்தான். முகம் மாறவே இல்லை.

"இவன் நம்மாளு சார். மிஹாவ். என் ஸ்கூல் தோழன். முதல் நாள்லேர்ந்து என்னோடதான் இருக்கான்."

சார்ஜண்ட் பட்டையைப் பார்த்தார், தோளில் தட்டினார். நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தார். வெளியே போகத் திரும்பியவர் கட்டிலில் அம்மாவைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். "எங்கம்மாவும் ஊர்ல இப்படித்தான் கெடக்கறாங்க" என்றார். சட்டென்று முழங்காலில் விழுந்து "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினார். எல்லோரும் முழங்காலிட்டோம். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான். எனக்கு நேர் எதிரே மிஹாஸ். அவன் பக்கத்தில், தோள் உரச, சார்ஜண்ட்.

ஜெபம் முடிந்து சிலுவை போட்டோம். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. என் கையும் அவன் கையும் ஒன்றாக ஒரு பக்கம் போய் ஒன்றாகத் திரும்பின. எப்போதும் போல. நான் முப்பத்துநான்கு வயதுவரை எதிரே உட்கார்ந்தே பார்த்த கை அது. எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியாது.

பக்கத்தில் இருந்தவருக்குத் தெரிந்துவிட்டது. அவருடைய கை இடது தோளில் இருந்தபோது அவனுடையது வலது தோளில் இருந்தது.

சார்ஜண்ட் எழுந்தார். "இன்னொரு தடவை போடு தம்பி" என்றார், மெதுவாக.

மிஹாஸ் என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். எங்களுடையதை அவன் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறான், போட்டுக் காட்டுவது ஒரு நொடி வேலை. போடு, போடு என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவன் நெற்றியைத் தொட்டான். மார்பைத் தொட்டான். பிறகு நிதானமாக, எல்லோரும் பார்க்கும்படி, வலது தோள். அதற்குப் பிறகு இடது.

சார்ஜண்ட் அவன் கைப்பட்டையைப் பிய்த்தார். விட்டோல்டைக் கன்னத்தில் அறைந்தார். மிஹாஸைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பூட்ஸை நான் அம்மாவின் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன், எடுக்க விடவில்லை. அப்பாவின் செருப்போடு போனான். படியிலிருந்து ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

23 நவம்பர்

எங்கே கொண்டு போனார்கள் என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். மூன்று இடத்தில் கேட்டேன். பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டே அலைந்தேன்.

யூதர்கள் இருக்கும் பகுதி எரிகிறது. அவர்கள் உக்ரைன்காரர்களுக்கு உதவினார்கள் என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டு கடைகளை உடைத்து அள்ளுகிறார்கள். உடைப்பவர்கள் கையில் வெள்ளை சிவப்புப் பட்டை. சில பட்டைகளின் தையலை நான் அடையாளம் கண்டேன்.

ரோட்டரும் யூதர்தான், அவர் கடையில் ஒன்றும் மிச்சமில்லை. அவர் எதிர்ச் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார், கண்ணாடி இல்லாமல், தலையில் ரத்தம். என் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார்.

"அம்மா எப்படி இருக்காங்க? அந்த மருந்துல நல்லா தூங்கினாங்களா?"

தூங்கினார்கள் என்றேன். தலைத்துணியை அவிழ்த்து அவர் காயத்தைக் கட்டினேன். வீட்டுக்கு வாருங்கள் என்றேன். "உங்க வீட்டுக்கா?" என்று கேட்டார். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

24 நவம்பர்

ஒன்றும் தெரியவில்லை. அம்மா எதுவும் கேட்கவில்லை.

25 நவம்பர், திங்கள்

விட்டோல்ட் வந்தான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. நான் புரிந்துகொண்டேன். புரிந்துகொண்ட பிறகும் அவன் வாயால் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

"வெள்ளிக்கிழமையே முடிஞ்சுடுச்சுக்கா. ரயிலடிக்குப் பின்னால. ஓடப் பார்த்தான்னு சொல்றாங்க."

அந்தச் செருப்போடு எப்படி ஓடுவான்? அது அப்பாவின் கால் அளவு, அவனுக்கு இரண்டு விரல் பெரிது.

விட்டோல்ட் சுவரைப் பார்த்துக்கொண்டு மீதியைச் சொன்னான். அவர்களுடைய பிணங்களை எல்லாம் ஒரே குழியில் சுண்ணாம்பு போட்டு மூடப்போகிறார்களாம். அதற்கு முன்னால் இவன் போயிருக்கிறான். தன் கையிலிருந்த பட்டையைக் கழற்றி மிஹாஸின் கையில் கட்டிவிட்டு, நம்முடைய ஆள் தவறிப்போய் இங்கே கிடக்கிறான் என்று சொல்லித் தூக்கி வந்திருக்கிறான்.

"குழியில போட மனசு வரலக்கா. வேற வழி எனக்குத் தெரியல. மிஹாவ்னு பேர் எழுதியிருக்காங்க. புதன்கிழமை வீரர்களோட சேர்த்து அடக்கம்."

அவன் கன்னத்தில் இன்னும் வீக்கம் இருந்தது. அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுகைக்கு நடுவில் அவனைக் கொன்றுவிடலாம் போலவும் இருந்தது.

27 நவம்பர், புதன்

மூடிய பெட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை சிவப்புத் துணி. பெரிய கூட்டம். எங்கள் சாமியார் லுவூஃபின் பிள்ளைகள் என்று பேசினார். முடிந்ததும் நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கம்மாவுக்குப் பெரிய மரியாதை இது. தகப்பன் உக்ரைன்காரராயிருந்தும் பிள்ளை சரியான பக்கம் நின்னிருக்கான்" என்றார். நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொன்னால் தோண்டி எடுத்துக் குழியில் போடுவார்கள். விட்டோல்டையும் சும்மா விட மாட்டார்கள். நன்றி சாமி என்றேன்.

ஒன்றே ஒன்று செய்ய வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்து வைத்திருந்தேன். அவனை மண்ணில் இறக்கும்போது யாராவது ஒருவர் அவனுடைய முறையில் சிலுவை போட வேண்டும், வலது தோள் முதலில். யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று துணிந்துதான் நின்றேன். பெட்டி இறங்கியது. நெற்றியைத் தொட்டேன், மார்பைத் தொட்டேன். என் கை பழக்கப்படி இடது தோளுக்குப் போய்விட்டது.

7 ஜனவரி 1919, செவ்வாய்

இன்று அவர்களுடைய கிறிஸ்துமஸ். ஊருக்கு வெளியே சுற்றி நின்றுகொண்டு அவர்கள் குண்டு போடுகிறார்கள். ஓலெக்ஸா உயிரோடிருந்தால் அங்கேதான் எங்கேயாவது இருப்பான். அவர்கள் வழக்கப்படி மேசையில் வைக்கோல் பரப்பவில்லை, பலகாரம் செய்யவில்லை. மாவும் இல்லை.

அம்மா இவ்வளவு நாள் தாங்குவாள் என்று டாக்டரே நினைக்கவில்லை. வலியில் உதட்டைக் கடித்துக் கடித்துப் புண்ணாகிவிட்டது. ரோட்டர் ஊரை விட்டுப் போய்விட்டார். வேறு கடைகளில் மருந்து இல்லை. ஆறு வாரம் அலைந்து, தையல் மெஷினைக் கொடுத்து, ஒருவழியாக இன்றைக்கு ஒரு புட்டி கிடைத்தது. ஓடி வந்தேன். கரண்டியில் அளவாக விட்டு அம்மாவின் உதட்டருகே கொண்டு போனேன்.

அம்மா கரண்டியைப் பார்த்தாள். அந்த வாசனை அவளுக்குத் தெரியாதா என்ன. நான் தேநீர் போட்ட அன்றைக்கு அவள் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தாள், சமையலறைக் கதவு திறந்துதான் இருந்தது. எனக்கு அது இப்போதுதான் உறைத்தது.

"குடிம்மா. வலி தெரியாம தூங்கலாம்."

வாயை இறுக்க மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். அப்படியே சொன்னாள்.

"எனக்கு வேணாம். யாராவது விசில் அடிச்சா, நானாவது முழிச்சிருக்கணும்."

கரண்டியில் இருந்ததைத் திரும்பப் புட்டியில் ஊற்றி மூடினேன். அம்மா முனகுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.